மூன்றாவது மொட்டைச் சீட்டு

அத்தியாயம் ஆறு

நல்லகாமன் கண் விழித்தபோது, கண்காணிக்க வேண்டிய மூன்று பேரில் ஒருவரைக்கூடக் காணோம்.

அவர்கள் விரித்திருந்த ஜமுக்காளம் இருந்தது. அதன்மேல் சீட்டுக்கட்டு இருந்தது. சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்து இஸ்பேட் ராஜாவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் கீழே போட்டது. ஆட்களை மட்டும் காணோம்.

தப்பு தோசையுடையது என்பது நல்லகாமன் கட்சி. அழகர்கோவில் தோசை மற்ற ஊர்த் தோசை மாதிரி இல்லை. நெய்யில் வெந்து, விரல் கனத்துக்கு, மிளகு மணக்க மணக்க வரும். ஒன்று சாப்பிட்டால் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடலாம். நல்லகாமன் இரண்டு சாப்பிட்டிருந்தான். அதற்கப்புறம் மலையடிவாரக் காற்றும் மர நிழலும் சேர்ந்துகொண்டால் மனிதன் என்னதான் செய்வான்? ஆனால் டீச்சர் கட்சி வேறாக இருக்கும்.

டீச்சர் என்றால் சாவித்ரி டீச்சர். திங்கள் முதல் வெள்ளி வரை மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு. சனி, ஞாயிறுகளில் துப்பறிதல். கொலை, கொள்ளை பக்கம் போகமாட்டார். கல்யாண விசாரணை மட்டும்தான். மாப்பிள்ளைப் பையன் குடிக்கிறானா, கடன்காரனா, வேறு எங்காவது ஏற்கெனவே தாலி கட்டி வைத்திருக்கிறானா என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பார்கள். டீச்சர் ஆளின் பின்னாலேயே போய்ப் பார்த்து, பரீட்சைத் தாளில் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பார். இதுவரை பத்தொன்பது ரிப்போர்ட். ஒன்றில்கூட ஒரு பொய் கிடையாது. நல்லகாமன் அவருக்கு உதவியாள். முன்னாள் டவுன் பஸ் கண்டக்டர். வயது நாற்பத்தொன்று. டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுப் பயணிகளைக் கேலி பேசிக்கொண்டிருந்ததால் வேலை போயிற்று. கேலி மட்டும் போகவில்லை.

இந்தத் தடவை விசாரிக்கச் சொல்லி வந்தவர் சிம்மக்கல் ஹாலாஸ்யம், ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். அவர் மகள் ஸ்யாமளா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ராஜாராமன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க், காளவாசலில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலாஸ்யம் வீட்டில் தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குமுன் ரிப்போர்ட் வரவேண்டும். ரிப்போர்ட்டில் ஒரு கோணல் இருந்தாலும் தட்டு மாறாது என்று ஹாலாஸ்யம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது சனிக்கிழமை லீவைச் சேர்த்துக்கொண்டு ராஜாராமன் ஆபீஸ் நண்பர்கள் அழகுமலை, தவசி இருவருடனும் அழகர்கோவிலுக்கு உல்லாசமாகக் கிளம்பினான். பின்னாலேயே டீச்சரும் நல்லகாமனும் பக்தர்களாகக் கிளம்பினார்கள்.

பையன் சொக்கத் தங்கம். இரண்டு நாளில் ஒரு பீடிகூட இல்லை. காசு வைக்காமல் சீட்டாடினான்; தோற்றுவிட்டுச் சிரித்தான். ரிப்போர்ட்டில் நற்குணங்கள் என்ற தலைப்பின் கீழ் டீச்சருக்கு இடம் போதவில்லை. கடைசி நாள் என்று டீச்சரே கொஞ்சம் இளகி, "நான் பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன், நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாத்துக்கொண்ட லட்சணம் இதோ.

"அண்ணே!"

இரண்டு புத்தம் புது மொட்டைகள் அவன் முன்னால் நின்றன. தலை முழுக்கச் சந்தனம்.

"எங்க கூட்டாளி ஒருத்தன இங்கிட்டுப் பாத்தீகளாண்ணே?" என்றது உயரமான மொட்டை.

"அட போங்கப்பா, நானே மூணு பேரத் தொலைச்சுட்டு நிக்கிறேன்" என்றான் நல்லகாமன். "ஒருத்தன் கிருதாவ காதுக்குக் கீழ தொங்க விட்டிருப்பான். இன்னொருத்தன் பின்னாடி பாத்தா பொம்பளப் பிள்ளை மாதிரி முடி வளத்திருப்பான். அவனுக ரெண்டு பேரையும் பாத்தீகளா?"

மொட்டைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"அது நாங்கதாண்ணே" என்றது குட்டையான மொட்டை. "எங்கள எதுக்குத் தேடுறீக?"

"சீட்டுக்கு ஒரு கை கொறையுதான்னு கேக்கலாம்னுதான்" என்றான் நல்லகாமன், கண்ணை இமைக்காமல்.

உயரமானவன் அழகுமலை, குட்டையானவன் தவசி. முடி போனதும் இரண்டு பேருக்கும் முகமே மாறிப்போயிருந்தது. அழகுமலைதான் விஷயத்தைக் கொட்டினான். ராஜாராமனுக்கு நாலு இடம் பார்த்து நாலும் தட்டிப் போயிற்று. ஏன் என்று அவனும் சொல்லவில்லை. ஐந்தாவது இடம் அமைந்தால் மூன்று பேரும் மொட்டை போடுகிறோம் என்று அழகுமலை அழகரிடம் நேர்ந்துகொண்டான். ராஜாராமனிடம் சொல்லவில்லை. கடைசி நாள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, காலையில் தோசை சாப்பிட்டு முடித்ததும் கோவிலில் முடி இறக்குவதற்கான மொட்டைச் சீட்டு மூன்று வாங்கி வந்து ஒன்றை அவன் கையில் வைத்தான்.

"தை மாசந்தான கல்யாணம், அதுக்குள்ள வளந்துரும்டான்னேன். பய மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சுண்ணே. நீங்க முன்னாடி போங்க, குளிச்சுட்டு வாரேன்னான். நாங்க போயி இம்புட்டு முடியும் எறக்கிட்டு வந்து பாத்தா, நாங்க தங்கியிருக்க சத்திரத்துல துண்டு மேல இந்தச் சீட்டு மட்டும் கெடக்கு."

கசங்கிய மூன்றாவது சீட்டை அவன் நீட்டினான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. "ஆசையாத்தாண்ணே செஞ்சோம். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானோ என்னவோ. சாயங்காலம் நிச்சயம் வேற!"

"அந்தச் சீட்டை இப்படிக் குடு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டீச்சர் வந்துவிட்டார். நெற்றியில் துளசித் தீர்த்தத்தின் ஈரம், கண்ணில் முழுப் பரீட்சைக் கண்டிப்பு. "நான் பொண்ணாத்துக்குத் தெரிஞ்சவ. நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்கோ. உங்க சிநேகிதனை நான் கூட்டிண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, நல்லகாமனைக் கண்ணாலேயே கிளப்பினார். பஸ் நிற்கும் இடத்துக்கு இருவரும் வேகமாக நடந்தார்கள்.

"தூங்கினியா?"

"கண்ண மூடி யோசிச்சேன் டீச்சர்."

"குறட்டை விட்டு யோசிச்சியாக்கும். சரி, இப்பவாவது யோசி. முடி எறக்கற இடத்துலேர்ந்து ஒரு மனுஷன் எதுக்கு ஓடுவான்?"

"கத்தி மொக்கையா இருந்திருக்கும்."

"இவன் முடி எறக்கற கொட்டகைக்கே போகலையே."

நல்லகாமன் தாடையைத் தேய்த்தான். "அப்ப தலையில ஒரு வெட்டுத் தழும்பு இருக்கணும். பழைய கேடி. இல்லாட்டி ஒரு மச்சம் இருக்கும். மொத பொண்டாட்டி அத வச்சு அடையாளம் கண்டுபிடிச்சிருவா."

"மொத பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா, மச்சத்தைப் பார்ப்பாளா, மூஞ்சியைப் பார்ப்பாளா?"

"மூஞ்சி ஞாவகம் வச்சுக்கிற மாதிரியா இருக்கு?"

டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் காளை, நல்லகாமனின் பழைய சகா. முந்தின டிரிப்பில் சுருட்டை முடிக்காரர் ஒருவர் ஏறினாரா என்று கேட்டதும் காளை கடகடவென்று சிரித்தான்.

"ஏறுனாருண்ணே! சன்னல் சீட்டு அம்புட்டும் காலியா கெடக்கு. மனுசன் நடுவுல வந்து, ரெண்டு மூட்டைக்கும் ஒரு ஆட்டுக்கும் இடையில உக்காந்துக்கிட்டாரு. வழி நெடுக ஒரு கையத் தலையில வச்சுக்கிட்டே வந்தாரு. வீட்டுல ஏதும் துக்கமான்னு கேட்டேன். ஆமா, ஆனா இன்னும் நடக்கலைன்னாரு. சிம்மக்கல்லுல எறங்கிட்டாரு."

"சிம்மக்கல்லா?" நல்லகாமன் தொடையில் தட்டினான். "பொண்ணு வீடு! கல்யாணம் வேணாம்னு சொல்லத்தான் போறாரு டீச்சர்!"

டீச்சர் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நற்குணங்கள் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியது. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனாவைக் கண்டால் மதுரையில் பாதிப் பெண்களுக்கு இன்றைக்கும் வாய்ப்பாடு மறந்துபோகும்.

"படி" என்றார்.

நல்லகாமன் படித்தான். "ஒன்று. இரண்டு நாளில் ஒரு முறைகூடத் தலை சீவவில்லை. சீப்பே வைத்துக்கொள்வதில்லை. பகட்டு இல்லாதவர்."

"சீவாத தலை ரெண்டு நாள் எப்படிடா கலையாம இருந்தது?"

டீச்சர் ‘பகட்டு இல்லாதவர்’ என்பதை அடித்தார்.

"ரெண்டு. நூபுர கங்கைத் தீர்த்தத்தில் நண்பர்கள் குதித்துக் குளித்தபோது, இவர் மூன்று சொட்டு எடுத்துக் காதுக்குப் பின்னால் தெளித்துக்கொண்டார். நிதானமானவர்."

அடித்தார்.

"மூணு. குரங்குகளுக்கு இருபது அடி தூரத்திலிருந்தே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் எறிந்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்தார். ஜீவகாருண்யம் உள்ளவர்."

"பயம்டா. குரங்கு மொதல்ல எதைப் பிடுங்கும்?"

"பழத்த."

"பழம் இல்லைன்னா?"

"கண்ணாடி, தொப்பி..." நல்லகாமன் நிறுத்தினான். கடைசி வரியை அவனே வாய்க்குள் படித்தான். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் குணம் உள்ளவர். ஜன்னல் வழியாகக் காற்று வந்து டீச்சரின் நரைத்த முன்முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. அவன் வாய் மெல்லத் திறந்தது.

"டீச்சர்... டோப்பாவா?"

"ஒரு மணி நேரம் ஆச்சு உனக்கு" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. தன் மேலேயே வந்த எரிச்சல்தான் இருந்தது. ஒரு மனுஷனுடைய பயத்தையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து குணம் என்று எழுதியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சிம்மக்கல்லில் இறங்கியதும் நல்லகாமன் ஹாலாஸ்யம் வீட்டுப் பக்கம் திரும்பினான். டீச்சர் எதிர்ப்பக்கத்துச் சந்தில் நுழைந்தார். "டோப்பா போட்டவன் அவசரத்துக்கு எங்கே ஓடுவான்? டோப்பா கட்டினவாகிட்டதான். மதுரையில நாடகக்காராளுக்கு டோப்பா கட்டறவா இருக்கற சந்து இது ஒண்ணுதான்."

சந்தின் கோடியில் ஒரு கடை. ‘நாடக சாமான்கள் வாடகைக்குக் கிடைக்கும்’ என்று பலகை. வாசலில் கிரீடங்கள் தொங்கின; அட்டை கதாயுதங்கள் சாய்ந்து நின்றன; கம்பியில் வரிசையாகத் தாடிகள் காய்ந்தன. உள்ளே மாயக்காள் என்ற ஐம்பது வயது அம்மாள் வலைத் துணியில் ஊசியால் முடி கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ராஜாராமன் நின்றான். டீச்சர் நல்லகாமனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாயக்கா, மொட்டை டோப்பா ஒண்ணு இருக்குமா?" என்று ராஜாராமன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இருக்கு. ரப்பர்ல. என்ன வேசத்துக்கு? சாமியாரா, பண்டாரமா?"

"மாப்பிள்ளை வேஷத்துக்கு."

மாயக்காள் ஊசியைக் கீழே வைத்தாள். "நானும் இருபத்தஞ்சு வருசமா கடை வச்சிருக்கேன். மாப்ள வேசத்துக்கு மொட்டை கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல சாமி."

நல்லகாமனுக்கு அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்தான், மூக்கு வழியாகச் சத்தம் வந்துவிட்டது. ராஜாராமன் திரும்பினான். துண்டு அவிழ்ந்து விழுந்தது. நடுத் தலை பித்தளைச் சொம்பு மாதிரி பளபளத்தது. காது ஓரங்களிலும் பிடரியிலும் மட்டும் கொஞ்சம் முடி, வயலுக்கு வேலி போட்ட மாதிரி. இரண்டு நாளாகக் கோவிலில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த டீச்சரை அவன் பார்த்தான், அவர் கையில் தன் பெயர் எழுதிய பரீட்சைத் தாளைப் பார்த்தான், பின்னால் கிடந்த நாடகச் சிம்மாசனத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"மாமா அனுப்பிச்ச ஆளா நீங்க?"

"ஆமாம்."

"முடிஞ்சது" என்றான் ராஜாராமன்.

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னான். "இருபத்திமூணு வயசுல போச்சு மேடம். ஆறு வருஷம் ஆச்சு. நாலு எடத்துலயும் மொதல்லயே சொன்னேன். நாலு எடத்துலயும் காபி ஆறறதுக்குள்ள அனுப்பிச்சுட்டா. இந்த எடத்துலயும் சொல்லணும்னுதான் போனேன். அவ வந்து உட்கார்ந்து, என்ன புஸ்தகம் படிப்பேள்னு கேட்டா. ஏதோ சொன்னேன். சிரிச்சா. அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரலை."

நல்லகாமனுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது. கீழே விழுந்த துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.

"சரி, அந்த ரப்பர் எதுக்கு?" என்றார் டீச்சர்.

"அவனுக எனக்காக மொட்டை போட்டுட்டானுக மேடம். நானும் போட்டேன்னு காட்டணுமே. மாமா ஆத்துலயும் மொட்டைன்னா ஒத்துப்பா. அதான்..."

"நீ மொட்டை போட்டுக்கறதுக்கு என்ன?"

"என் தலையில ஏது மேடம் முடி?"

"அசடு! மொட்டைன்னாலே முடி இல்லாத தலைதானேடா! முக்கால்வாசி ஏற்கெனவே ஆயாச்சு. சுத்தி இருக்கற வேலியை எடுத்துட்டா நீயும் மத்த மொட்டை மாதிரி ஒரு மொட்டை. வழுக்கைக்காரனுக்கு உலகத்துலேயே பத்திரமான எடம் அந்தக் கொட்டகைதான். நீ அதை விட்டு ஓடி வந்து, வழுக்கை மேல மொட்டை டோப்பா தேடறே!"

ராஜாராமன் தன் தலையை முதல் முறையாகப் பார்ப்பவன் மாதிரி கையை மேலே கொண்டுபோனான். "அட ஆமாம்" என்றான்.

"ஆறு வருஷமா முடி இருக்கற மாதிரியே நடந்து நடந்து, இல்லைங்கறது உனக்கே மறந்து போயிடுத்து." டீச்சர் மூன்றாவது சீட்டை அவன் கையில் வைத்தார். "போய் அழகருக்குக் குடுக்க வேண்டியதைக் குடு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. என் ரிப்போர்ட்டுல பொய் வராது. ஆறு மணிக்கு இது உன் மாமனார் கைக்குப் போகும். அதுக்குள்ள நீயா அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னா, உன் வார்த்தை முன்னாடி நிக்கும். சொல்லலைன்னா என் காகிதம் முன்னாடி நிக்கும். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

மாயக்காள் சுருட்டை டோப்பாவை எடுத்து உதறினாள். "இது இனிமே உங்களுக்கு வேணாம்ல? நான் கிருஷ்ணர் வேசத்துக்கு வச்சுக்கிறேன்."

அடுத்த பஸ்ஸிலேயே மூவரும் அழகர்கோவிலுக்குத் திரும்பினார்கள். அழகுமலையையும் தவசியையும் கொட்டகைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நல்லகாமனுக்கு வந்தது. அவர்களைத் தோசை வாங்கித் தருகிறேன் என்று இழுத்துப் போய், கடமைக்காகத் தானும் மூன்றாவது தோசையைச் சாப்பிட்டான். கொட்டகையில் முடி இறக்குகிறவர் ராஜாராமனின் துண்டை விலக்கிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடியும் தலையைப் பார்த்தார்.

"பாதி வேலைய சாமியே முடிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டு, இரண்டு நிமிஷத்தில் மீதியை முடித்துச் சந்தனத்தை அப்பிவிட்டார். சந்தனத்துடன் வந்த ராஜாராமனை அழகுமலை கட்டிக்கொண்டு அழுதான். "கோவமாடா மாப்ள?" என்றான். ராஜாராமன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஹாலாஸ்யம் வீட்டுக் கூடத்தில் மூன்று மொட்டைகள் வரிசையாக நின்றன. இரண்டு பக்கத்து அப்பா, அம்மா, இரண்டு மாமிகள், வெற்றிலைத் தட்டு, பழத் தட்டு எல்லாம் தயார். ராஜாராமனின் பெற்றோர் முகத்தில் மட்டும் ஈ ஆடவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

ஹாலாஸ்யத்துக்குப் பூதக்கண்ணாடி மாதிரி கண்ணாடி. அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "நிச்சயத்தன்னிக்கு மொட்டையா? நேர்த்திக்கடனா? என்ன பக்தி! என்ன அடக்கம்! இந்தக் காலத்துல கிராப்பை விட்டுக்குடுக்கற பையன் யாரு இருக்கான்!" என்று உருகிப் போய், அழகுமலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "வாங்கோ மாப்பிள்ளை!"

"நான் இல்லிங்கய்யா" என்று அழகுமலை நெளிந்தான். அவர் அவனை விட்டுவிட்டுத் தவசியை அணைத்துக்கொண்டார்.

"அப்பா, தூணோரமா நிக்கறவர்" என்றாள் ஸ்யாமளா, அதுவரை கதவோரமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளேயிருந்து வந்தபடி. அவள் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

நல்லகாமனால் சும்மா இருக்க முடியவில்லை. "எப்பிடித் தாயி கண்டுபிடிச்சீக? நாங்களே காலையில கோட்டை விட்டுட்டோம்."

"அது ஒண்ணும் கஷ்டமில்லை" என்றாள் ஸ்யாமளா. "இவா ரெண்டு பேரும் வந்ததுலேர்ந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தடவிப் பார்த்துக்கறா. புது மொட்டைன்னா கை தானா மேல போகுமில்லையா? இவர் ஒரு தரம்கூடத் தொடலை. மேலே சுத்தற காத்தாடிக் காத்து நேரா தலையில விழறது, கூச்சமே..."

அவள் நிறுத்திவிட்டாள். தான் சொல்லிக்கொண்டு வந்தது எங்கே போய் முடிகிறது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ராஜாராமனை நேராகப் பார்த்தாள்.

"இது இன்னிக்குப் போட்ட மொட்டை இல்லையா?"

டீச்சர் ரிப்போர்ட் இருந்த உறையைக் கையில் எடுத்துவிட்டார்.

"இன்னைக்குப் போட்டதுதாம்மா!" என்று அழகுமலை முந்திக்கொண்டான். "நாங்க ரெண்டு பேரும் சாட்சி. சீட்டுகூட அவன் பையிலதான் இருக்கு. டேய், எடுத்துக் காட்டுடா!"

ராஜாராமன் சட்டைப் பையைத் தொட்டான். சீட்டு இருந்தது. தேதி போட்டு, கோவில் முத்திரை குத்தி, கிழித்துக் கொடுத்த நிஜமான சீட்டு. நல்லகாமன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். காட்டுடா, காட்டித் தொலைடா என்று ஒரு மனசு சொன்னது. காட்டாதே என்று இன்னொரு மனசு சொன்னது.

"சீட்டு இன்னிக்கு வாங்கினது" என்றான் ராஜாராமன். "முடி போய் ஆறு வருஷம் ஆச்சு. நீங்க அன்னிக்குப் பார்த்தது டோப்பா. இனிமே வளராது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க சிரிச்சேள். சொன்னா அது நின்னுடுமோன்னு பயந்துட்டேன்."

மாமிகளில் ஒருத்தி "ராமா" என்றாள். ஹாலாஸ்யம் கண்ணாடியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார், டீச்சர் பக்கம் கையை நீட்டினார். டீச்சர் உறையிலிருந்து தாளை எடுத்து, சிவப்புப் பேனாவால் கடைசியில் ஒரு வரி சேர்த்து, அவரிடம் கொடுத்தார். ஹாலாஸ்யம் உரக்கப் படித்தார்.

"குறை ஒன்று. தலையில் முடி இல்லை. குறை இரண்டு. அதை மறைத்தார்." குரல் ஏறியது. "மறைத்தார்! ஏமாத்து வேலை! நான் அப்பவே..." அடுத்த வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. "தப்பிக்க வழி இருந்தும், தானே ஒப்புக்கொண்டார்."

"தட்டை உள்ளே எடுத்துண்டு போ ஜானு" என்று மனைவியிடம் சொன்னார். ஆனால் முதலில் இருந்த உறுதி அதில் இல்லை.

"இருங்கோ அம்மா" என்றாள் ஸ்யாமளா. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. மறைக்காமல் காட்டினாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்."

"தப்புதான்" என்றான் ராஜாராமன்.

"இன்னொரு தரம் என்கிட்ட எதையாவது மறைச்சேள்னா நான் கண்டுபிடிச்சுடுவேன்."

"தெரிஞ்சுண்டேன்."

ஸ்யாமளா அப்பாவைப் பார்த்தாள். "சாட்சி ரெண்டு பேர் பக்கத்துல நிக்கறா. கையில கோவில் முத்திரை போட்ட சீட்டு இருக்கு. பொய் சொல்ல இதைவிட சௌகரியம் யாருக்கும் கிடைக்காது. அப்படியும் சொல்லலை. இதுக்கு மேல என்னத்தை விசாரிக்கறது? தட்டை எடுங்கோ அப்பா."

ஹாலாஸ்யம் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி தன் கிராப்பைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஹாலாஸ்யம் தட்டை எடுத்தார். எடுத்தபின் அவருக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்த மாதிரி நல்லகாமனுக்குப் பட்டது. டீச்சர் பேனாவை மூடிக்கொண்டே ஸ்யாமளாவிடம் மெதுவாக, "சனி, ஞாயிறு உனக்கு நூலகம் லீவுதானே?" என்று கேட்டார். நல்லகாமனுக்குத் தன் வேலை ஆட்டம் காண்பது தெரிந்தது.

தட்டு மாறியது. மேளம் இல்லாததால் தவசி கை தட்டினான். எல்லோரும் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது, அழகுமலை மட்டும் அசையாமல் நின்றான். அவனுக்கு விஷயம் இப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தன் தலையைத் தடவினான். தவசியின் தலையைப் பார்த்தான். கடைசியில் ராஜாராமனின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"டேய்! அப்ப உன் கல்யாணத்துக்கு அழகருக்கு முடி குடுத்தது நானும் தவசியும் மட்டுந்தானாடா?"

அன்று முதல் தடவையாக ராஜாராமன் வாய் விட்டுச் சிரித்தான்.

"நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அட்வான்ஸா குடுத்துட்டேன் மாப்ள."